ராடாரில் இல்லாத மழை



இந்த வார எபிசோடில் வானிலை ஆப்களைப் பற்றிக் கதைத்தோம். நேரம் போதாமல் ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் வீட்டில் நடந்தது.

நாங்கள் பெர்னுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். அப்பா விடிய 4 மணிக்கு பேப்பர் போடுற வேலைக்கு வெளிக்கிடுவார். ஒரு ஜனவரி நாள், "தம்பி, மழை கிடக்குதோ எண்டு ஒருக்கா பார்" என்றார். படுக்கையில் இருந்தபடியே ராடார் படத்தைப் பார்த்தேன். ஒரு புள்ளி நிறம்கூட இல்லை. "ஒண்டும் இல்லை அப்பா, போங்கோ" என்றேன்.

20 நிமிஷத்தில் போன் வந்தது. வீதியில் கண்ணாடி மாதிரி ஐஸ். அப்பா வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வைத்து அவர் கேட்டது இதுதான்: "உன்ர போன் மழை இல்லை எண்டுது. அப்ப என்ர ஜாக்கெட் என்னண்டு நனைஞ்சது?"

நியாயமான கேள்வி. பதில் தேடிப் படித்தேன்.

ராடார் எதைப் பார்க்கிறது?

ராடார் மழையைப் படம் பிடிப்பதில்லை. ஒரு ரேடியோ அலையை அனுப்பும். துளிகளில் பட்டுத் திரும்பி வரும் எதிரொலியை அளக்கும். அதை வைத்து "இவ்வளவு மழை இருக்கலாம்" என்று கணக்குப் போடும். அந்தக் கணக்கு மூன்று இடத்தில் சறுக்கலாம்.

1. அலை மேலே போய்விடும்

பூமி உருண்டை. அலையோ கிட்டத்தட்ட நேராகப் போகும். அதனால் தூரம் கூடக் கூட அலை தரையைவிட்டு உயர்ந்துகொண்டே போகும். தரைக்கு மேல் 0.5 பாகை சாய்வில் அனுப்பிய அலையின் நடுப்பகுதி, 100 கிலோமீட்டர் தாண்டும்போது ராடாரைவிட ஏறக்குறைய 1.5 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். 200 கிலோமீட்டரில் 4 கிலோமீட்டருக்கும் மேல்.

சுவிஸில் 5 வானிலை ராடார்கள் இருக்கின்றன. பெர்னுக்கு மிகக் கிட்ட இருப்பது பிளேன் மோர்த். தூரம் 60 கிலோமீட்டர் அளவுதான். ஆனால் அது நிற்பது 2900 மீட்டருக்கு மேல், மலை உச்சியில். வாலிஸ் பள்ளத்தாக்குகளுக்கு அது நல்ல இடம். எங்கள் குளிர்கால ஹோக்நேபலுக்கு அப்படி இல்லை. அந்த மூடுபனி மேகம் பெரும்பாலும் 2000 மீட்டருக்குக் கீழேயே படுத்திருக்கும். மொட்டை மாடியில் நின்று நேரே பார்ப்பவருக்கு முற்றத்தில் நிற்கும் பூனை தெரியுமா? அதே கதைதான்.

சரி, மற்ற ராடார்கள்? அவை இன்னும் தூரம். இடையில் மலை நின்றால் அலை அதில் முட்டி நின்றுவிடும். மலைக்கு அந்தப் பக்கம் ராடாருக்கு நிழல்.

2. துளி மிகச் சின்னது

எனக்கு ஆச்சரியம் தந்தது இதுதான். எதிரொலியின் பலம், துளியின் விட்டத்தின் 6ஆம் அடுக்கைப் பொறுத்தது. 2 மில்லிமீட்டர் துளி ஒன்று தரும் எதிரொலியைத் தருவதற்கு 1 மில்லிமீட்டர் துளிகள் 64 வேண்டும். தண்ணீரைக் கணக்குப் பார்த்தால் அந்த 64 துளிகளில் 8 மடங்கு கூட இருக்கிறது. ஆனால் ராடாருக்கு இரண்டும் ஒன்றுதான்!

தூறல் துளியோ 0.5 மில்லிமீட்டரைவிடச் சின்னது. அதன் எதிரொலி ஒரு முணுமுணுப்பு. பூச்சி, பறவை போன்றவற்றின் எதிரொலியை மழை என்று காட்டிவிடக் கூடாது என்பதற்காக பல ஆப்கள் மெல்லிய எதிரொலிகளுக்கு நிறமே போடுவதில்லை. தூறலும் அதோடு சேர்ந்து போய்விடும்.

3. முன்னால் நிற்கும் மழை மறைக்கும்

இது கோடைகாலப் பிரச்சினை. சுவிஸ் ராடார்களின் அலைநீளம் 5 சென்டிமீட்டர் அளவு. இடையில் பலத்த இடிமழை நின்றால் அலை அதிலேயே பலம் இழந்துவிடும். பின்னால் பெய்யும் மழை உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். இதைத் திருத்தக் கணக்குமுறைகள் உண்டு, ஆனால் முழுசாகச் சரிவராது.

அன்றைக்கு நடந்தது என்ன?

அப்பாவின் விஷயத்தில் முதல் இரண்டும் சேர்ந்துவிட்டன. தாழ்ந்த மேகத்திலிருந்து சின்னத் தூறல். துளிகள் 0 பாகைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் தண்ணீராகவே விழுந்து, உறைந்த வீதியைத் தொட்டதும் ஐஸ் ஆகிவிட்டன. 'கிளாட்டைஸ்' உண்டாகும் வழிகளில் இதுவும் ஒன்று. அதற்குப் பெரிய மழை தேவையே இல்லை.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். வெப்பநிலை 0க்குக் கிட்ட இருந்து, மேகமும் தாழ்ந்து கிடந்தால், ராடாரை மட்டும் நம்புவதில்லை. வானிலை எச்சரிக்கையைப் பார்ப்போம். வாசல் லைட்டைப் போட்டு, வெளிப்படியின் கைபிடியைத் தொட்டுப் பார்ப்போம். அதில் ஐஸ் பிடித்திருந்தால் அப்பா சப்பாத்துக்கு முள்பட்டி மாட்டாமல் இறங்கமாட்டார்.

படத்தில் நிறம் இல்லை என்றால் "மழை இல்லை" என்று அர்த்தமில்லை. "ராடாருக்கு ஒன்றும் தெரியவில்லை" என்றுதான் அர்த்தம். அன்றைக்கு நான் படுக்கையை விட்டு எழும்பி ஜன்னலைத் திறந்திருந்தால் போதும்.

உங்கள் வீட்டிலும் விடிய வேலைக்குப் போகிறவர்கள் இருந்தால், இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கோ. அடுத்த வாரம் சந்திப்போம்!