கோப்பு திரும்பி வராமல் இருக்க

தொலைக்காட்சிக்கு வேலை செய்யும் எடிட்டரின் பெயர் இரண்டு அறைகளில் அடிபடும். ஒன்று எடிட் அறை. இன்னொன்று, சேனலில் கோப்பைச் சோதிக்கும் கியூசி அறை. உங்கள் கட்டிங் எவ்வளவு அழகு என்று இந்த இரண்டாவது அறையில் யாரும் கேட்கமாட்டார்கள். ஃபிரேம் ரேட் சரியா, ஃபீல்டு வரிசை சரியா, வெள்ளை எல்லைக்குள் இருக்கிறதா, ஒலி அளவு எவ்வளவு என்று மட்டும்தான் பார்ப்பார்கள். ஒன்று பிசகினாலும் கோப்பு திரும்பி வரும். ஒளிபரப்பு நேரம் நெருங்கும்போது திரும்பி வரும் கோப்பு, அடுத்த வேலைக்கான அழைப்பையும் சேர்த்தே தடுத்துவிடும்.

அதனால் முதல் கிளிப்பை டைம்லைனில் வைப்பதற்கு முன்பே சேனலின் தொழில்நுட்பத் தாளைக் கேட்டு வாங்குங்கள். எக்ஸ்போர்ட் செய்யும் இரவில் அதைத் தேடுவது மிகத் தாமதம். சேனலுக்குச் சேனல் அது மாறும். பிரிட்டனின் பெரிய சேனல்கள் 2014 அக்டோபரில் ஒரே பொது வரையறைக்கு வந்தன. அங்கே எச்டி நிகழ்ச்சி ஏவிசி-இன்ட்ரா 100 கோடெக்கில் போகும்; நிகழ்ச்சியின் முதல் ஃபிரேம் டைம்கோடு 10:00:00:00-இல் தொடங்கும். உங்கள் சேனல் கேட்பது வேறாக இருக்கலாம். ‘வழக்கமா அனுப்புற மாதிரி அனுப்புங்க’ என்று தொலைபேசியில் சொன்னால் ஏற்காதீர்கள். எழுத்தில் கேளுங்கள்.

நாம் அடிக்கடி சந்திக்கும் ஒரு வரையறையை எடுத்துக்கொள்வோம்: 1920×1080, 1080ஐ 50 (1080i 50), எக்ஸ்டிகேம் எச்டி 422, எம்எக்ஸ்எஃப் ஓபி1ஏ. இதில் எம்எக்ஸ்எஃப் என்பது வெளி உறை மட்டுமே. உள்ளே எந்தக் கோடெக்கும் இருக்கலாம். எனவே ‘எம்எக்ஸ்எஃப்தான் கொடுத்தேன்’ என்பது பதிலாகாது. எக்ஸ்டிகேம் எச்டி 422 என்பது எம்பெக்-2 கோடெக், 4:2:2 வண்ணம், நொடிக்கு 50 மெகாபிட். இந்த 50 என்ற எண் ஒன்றே நல்ல சோதனைக் கருவி. ஒரு மணி நேரத்துக்குப் படம் மட்டும் ஏறக்குறைய 22.5 ஜிபி வரவேண்டும். 24 பிட் ஒலி எட்டுத் தடம் வைத்தால் இன்னும் 4 ஜிபி கூடும். அரை மணி நிகழ்ச்சி 3 ஜிபியில் முடிந்திருந்தால், திறந்து பார்க்காமலே சொல்லிவிடலாம், அமைப்பு தவறு.

அடுத்து ஃபிரேம் ரேட். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நம் தொலைக்காட்சி நொடிக்கு 25 ஃபிரேம். செல்போன்களோ பெரும்பாலும் 30-இல் எடுக்கின்றன, அதையும் சீராக எடுப்பதில்லை. வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ரேட் கூடிக் குறையும். அதை நேராக டைம்லைனில் போட்டால் நீளமான பேட்டிகளில் உதடு ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கம் போகும். ஹேண்ட்பிரேக் அல்லது ஷட்டர் என்கோடரில் முதலில் சீரான ரேட்டுக்கு மாற்றிவிட்டு எடிட்டைத் தொடங்குங்கள். 30-ஐ 25 ஆக்கும்போது கொஞ்சம் தடுக்கல் இருந்தே தீரும். ஆகவே படம் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் உண்மையான தீர்வு. ஐபோனின் கேமரா அமைப்பில் பால் (PAL) வடிவங்களைக் காட்டச் சொன்னால் 25 ஃபிரேம் தேர்வு வரும். எச்டிஆரையும் அணைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ரெக் 709 டைம்லைனில் வானமும் வெள்ளைச் சட்டையும் வெளுத்துப்போகும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்டாக அனுப்பட்டும். வீடியோவாக அனுப்பினால் தரம் பாதியிலேயே போய்விடும்.

அதிகம் பேரைக் கவிழ்ப்பது ஃபீல்டு. 1080ஐ 50 என்றால் ஒவ்வொரு ஃபிரேமும் ஒற்றைப்படைக் கோடுகள், இரட்டைப்படைக் கோடுகள் என இரண்டு ஃபீல்டாகப் பிரிந்து, நொடியில் 50-இல் ஒரு பங்கு இடைவெளியில் வரும். எச்டியில் மேல் ஃபீல்டு முதலில் வரவேண்டும். பழைய டிவி (DV) டேப்பிலிருந்து ஏற்றிய எஸ்டி காட்சிகளில் கீழ் ஃபீல்டு முதலில் இருக்கும். ஆவணப்படத்தில் இரண்டையும் கலக்கும்போது அந்தப் பழைய கிளிப்பின் ஃபீல்டு வரிசையை மென்பொருள் சரியாகப் புரிந்துகொண்டதா என்று பாருங்கள். தவறினால் அசையாத காட்சியில் ஒன்றும் தெரியாது. யாராவது நடந்தால், கேமரா திரும்பினால், டிக்கர் ஓடினால் படம் முன்னும் பின்னும் உதறும். கணினித் திரை இதைப் பெரும்பாலும் மறைத்துவிடும். வேகமாகக் கேமரா திரும்பும் பத்து நொடியை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து, டெக்லிங்க் போன்ற கார்டு வழியாக மானிட்டரில் பாருங்கள். அந்த வசதி இல்லையா? விஎல்சியில் டீஇன்டர்லேஸை இயக்கி, ‘பாப்’ (Bob) முறையில் ஓடவிடுங்கள். உதறல் இருந்தால் அங்கேயே தெரியும்.

இன்னொரு பொறியும் இதே இடத்தில்தான். 25 புரோகிரசிவ் டைம்லைனில் எடிட் செய்துவிட்டு, கடைசியில் 50ஐ என்று தேர்வு செய்தால் கோப்பு வந்துவிடும், கியூசியும் தாண்டக்கூடும். ஆனால் 50ஐ கேமராவில் எடுத்த விளையாட்டுக் காட்சியின் அசைவில் பாதி போயிருக்கும். இழந்த ஃபீல்டை எக்ஸ்போர்ட் திருப்பித் தராது. டைம்லைனை முதல் நாளே ஒப்படைக்கும் வடிவத்தில் அமையுங்கள்.

ஒளி அளவில் கருமை 16, வெண்மை 235 என்பது எட்டு பிட் கணக்கு. 0 முதல் 255 வரையிலான முழு அளவுக் கிராஃபிக்ஸைத் தவறாகப் படித்தால் படம் ஒன்று சாம்பல் பூக்கும், இல்லை கருமை அடைத்துக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. எக்ஸ்போர்ட் செய்த கோப்பை அதே டைம்லைனில் மேல் தடத்தில் வைத்து ‘டிஃபரன்ஸ்’ பிளெண்டு கொடுங்கள். திரை ஏறக்குறைய முழுக் கறுப்பாக வந்தால் இரண்டும் ஒன்று. எங்காவது உருவம் தெரிந்தால் அளவு மாறியிருக்கிறது, அல்லது ஒரு ஃபிரேம் நகர்ந்திருக்கிறது. எனக்குத் தெரிந்து இதைவிட நம்பகமான, செலவில்லாத சோதனை கிடையாது.

ஒலியில் பீக்கை மட்டும் பார்த்து ஒப்படைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. பீக் வேறு, காதுக்குக் கேட்கும் உரப்பு வேறு. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-இல் வெளியிட்ட ஆர் 128 பரிந்துரை, நிகழ்ச்சி முழுவதற்கும் சராசரியாக −23 எல்யூஎஃப்எஸ் கேட்கிறது. அமெரிக்க வழக்கம் −24. தாள் எதைச் சொல்கிறதோ அதை, முழு நிகழ்ச்சியையும் ஓடவிட்டு அளந்து தாருங்கள். தட வரிசையும் தாளில் இருக்கும். 1, 2-இல் முழு மிக்ஸ், 3, 4-இல் பேச்சில்லாத இசையும் எஃபெக்டும் என்று கேட்டிருந்தால், ஒவ்வொன்றும் தனி மோனோ தடமாகப் போகவேண்டும். ஸ்டீரியோ தடமாகச் சேர்த்து அனுப்பினால் சர்வர் குழம்பும்.

தமிழ் எடிட்டர்களுக்கென்றே ஒரு சோதனை உண்டு. ‘கொ’, ‘கோ’ போன்ற எழுத்துகளின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றனவா என்று ஒவ்வொரு பெயர்ப்பட்டையையும் பாருங்கள். பிரீமியர் புரோவில் கிராஃபிக்ஸ் விருப்ப அமைப்பில் தெற்காசிய எழுத்துகளுக்கான தேர்வை இயக்கினால் யூனிகோடு தமிழ் ஒழுங்காக வரும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அமைத்த டைட்டில், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் கிறுக்கலாகிவிடும். எனவே வேறு கணினியில் எக்ஸ்போர்ட் செய்வதானால் டைட்டில்களைப் படமாக்கி எடுத்துச் செல்லுங்கள். ஒரு ஊர்ப் பெயர் திரையில் சிதைந்து நிற்பதை அந்த ஊர்க்காரர் பார்க்கிறார்; அதைப் பிழையின்றிக் காட்டுவது அவருக்கு நாம் பட்ட கடன்.

உயர்தர மாஸ்டர் ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள், புரோரெஸ் 422 எச்க்யூ போதும். 25 ஃபிரேமில் அது மணிக்கு 80 ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கும், பிடிக்கட்டும். யூடியூபுக்கு எம்பி4 கேட்டால் மாஸ்டரிலிருந்து எடுங்கள். எம்பி4-இலிருந்து எம்எக்ஸ்எஃப் செய்து சேனலுக்கு ஒருபோதும் அனுப்பாதீர்கள். கோடெக் சரியாக இருந்து உறை மட்டும் மாறவேண்டுமென்றால் மறுபடி என்கோடு செய்ய வேண்டியதில்லை. எஃப்எஃப்எம்பெக்கில் உறையை மட்டும் மாற்றலாம், தரம் துளியும் குறையாது.

கடைசியாக, எக்ஸ்போர்ட் ஆன கோப்பைத் தொடக்கம் முதல் முடிவு வரை, ஹெட்போனோடு, ஓட்டாமல் தள்ளாமல் பாருங்கள். ரெண்டரில் வரும் ஒரு கறுப்பு ஃபிரேம் டைம்லைனில் தெரியாது. பார்த்து முடித்த அதே கோப்பைத்தான் அனுப்ப வேண்டும். அதன்பிறகு ஒரு எழுத்தைத் திருத்தி மறுபடி எக்ஸ்போர்ட் செய்தால், அது புதிய கோப்பு. அதையும் முழுதாகப் பாருங்கள்.