விஸ்லருக்குக் கிளம்பும் தம்பி மகனுக்கு

அன்பு மகனுக்கு,

லூஜ் உலகச் சாம்பியன்ஷிப் அணியில் உன் பெயர் வந்துவிட்டது என்று உன் அப்பா போனில் சொன்னான். சந்தோஷப்பட்டேன். இடம் கனடாவின் விஸ்லர் என்றதும் எனக்குப் பேச்சு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

போவதும் போகாததும் உன் விருப்பம். ஆனால் அந்தத் தடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 152 மீட்டர் இறக்கம், 16 வளைவுகள். நம் கோனிக்சே தடம் உன் உடம்பில் ஊறியது. 2021 ஜூலை வெள்ளம் அதை உடைக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டே நீ இறங்குவாய். விஸ்லரில் உனக்கு அந்தப் பழக்கம் எங்கே? அங்கே பதின்மூன்றாம் வளைவின் பெயரே ‘ஐம்பதுக்கு ஐம்பது’.

2010 பிப்ரவரி 12, ஒலிம்பிக் தொடக்க நாள். ஜார்ஜியாவின் நோடார் குமாரிதாஷ்விலிக்கு 21 வயது. அதே தடத்தில், பயிற்சி ஓட்டத்தில், கடைசி வளைவில், மணிக்கு 140 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் தடத்தைவிட்டு எகிறி இரும்புத் தூணில் மோதினான். பிள்ளை போய்விட்டான். அன்றைக்கே அறிக்கை வந்தது: பதினைந்தாம் வளைவிலிருந்து தாமதமாக வெளியே வந்தார், சரியாகத் திருத்திக்கொள்ளவில்லை, தடத்தில் குறை தெரியவில்லை. பிறகு போட்டி தொடங்குமுன் சுவரை உயர்த்தினார்கள், பனியின் வடிவத்தை மாற்றினார்கள், ஆண்களைப் பெண்கள் புறப்படும் இடத்திலிருந்து இறக்கினார்கள். குறையில்லாத தடத்துக்கு இத்தனை வேலை எதற்கு?

தடத்தில் அடிபட்ட உன் அப்பாவின் தோள்பட்டை விஷயத்திலும் இதே பேச்சுதான். காய்ச்சலில் கிடந்தவனை மேலே ஏற்றிவிட்டது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ‘ஓட்டியவர் தவறு’ என்று எழுதி முடித்துவிட்டார்கள். அவன் மன்னித்துவிட்டான். என்னால் இன்றுவரை முடியவில்லை. அவன் முன்னால் இதைப் பேசாதே.

பயிற்சி ஓட்டங்களில் பதினைந்திலிருந்து வெளியே வரும்போது இரண்டு முறை தடுமாறினால், விலகிவிடு. யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். வண்டிக்கு பிரேக் கிடையாது. மல்லாந்து படுத்த பிறகு உன் கெண்டைக்காலும் தோளும்தான் உனக்கு. கைப்பிடியை விடுவதற்கு முன்புவரை ‘வேண்டாம்’ என்று சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது. பயிற்சியாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், ஆயிரத்தில் ஒரு விநாடியை அவர் வேறு யாரிடமாவது தேடிக்கொள்ளட்டும்.

நம் பக்கத்து பெலிக்ஸ் லோக்கைப் பார். 2018 பியோங்சாங்கில் மூன்று ஓட்டம்வரை முதலிடம். கடைசி ஓட்டத்தில் ஒன்பதாம் வளைவில் பிசகி ஐந்தாமிடத்துக்குப் போனார். மூன்று வருடத்தில் உலகக் கோப்பையை மறுபடி வென்றார். உனக்கும் வருடங்கள் இருக்கின்றன, அவசரம் என்ன?

ரொம்ப அதட்டிவிட்டேனா? கோபித்துக்கொள்ளாதே, ராஜா. உன்னைப்போலப் புறப்படும்போது பனியைத் தள்ளிப் பாய்கிறவன் இந்த ஊரில் இல்லை, இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். பெரியம்மா கம்பளிக் காலுறை நான்கு ஜோடி பின்னியிருக்கிறாள், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போ. அங்கே இரவு பத்து மணி என்றால் இங்கே காலை ஏழு, நாங்கள் விழித்துத்தான் இருப்போம். ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் போன் பண்ணு. கடைசி இடத்தில் வந்தாலும் ஸ்டேஷனுக்கு நானே வண்டி எடுத்துக்கொண்டு வருவேன், உனக்குப் பிடித்த ஆப்பிள் கேக்கும் இருக்கும்.

உன்
பெரியப்பா