புலவாயோவிலிருந்து இரண்டு பாதைகள்

டிசம்பர் பிறந்ததும் ஜிம்பாப்வேயின் புலவாயோ நகரத் தெருக்களில் 'ஜிபி' என்று முடியும் நம்பர் பிளேட்டோடு கார்கள் தலைகாட்டும். ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்து வண்டிகள் அவை. புது ஷூ, உரக்க ஒலிக்கும் பாட்டு, டிக்கி நிறையச் சாமான் என்று வந்து இறங்குபவரை ஊர் 'இஞ்ஜீவா' என்று அழைக்கிறது. பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பையன் அந்தக் காரைப் பார்க்கிறான்; அவன் அம்மா அவனைப் பார்க்கிறாள். ஜனவரியில் அவனும் மூட்டை கட்டிவிடுகிறான். அவனுக்கு எது வரும், எதில் கை தேறியிருக்கிறது, அங்கே யார் வேலை தருவார்கள் என்று வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை.

போவதா, இருப்பதா என்பது இங்கே கேள்வியில்லை. 2000-களில் பொருளாதாரம் நொறுங்கிய பிறகு, வெளியே ஆள் அனுப்பாத வீடு அந்தப் பக்கம் அரிது. எந்தப் பக்கம் போவது என்பதுதான் கேள்வி. தெற்கே பைட்பிரிட்ஜ் எல்லையைக் கடந்து 850 கி.மீ.க்கு மேல் போனால் ஜோகன்னஸ்பர்க். மேற்கே பிளம்ட்ரீயைத் தாண்டினால், மொத்தமே சுமார் 200 கி.மீ.யில் போட்ஸ்வானாவின் இரண்டாவது பெரிய நகரமான பிரான்சிஸ்டவுன்.

தென்னாப்பிரிக்காவின் பலம் ஊரறிந்தது. 6 கோடிக்கு மேல் மக்கள், பெரிய தொழிற்சாலைகள், ஆப்பிரிக்காவின் முன்னணிப் பல்கலைக்கழகங்கள், 1967-இலேயே உலகின் முதல் இதய மாற்று அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனை. புலவாயோப் பிள்ளைகளுக்கு மொழியும் தடையில்லை. அவர்களுடைய இந்தெபெலேயும் அங்கே பேசும் ஜூலுவும் அக்கா தங்கை மாதிரி.

ஆனால் டிசம்பர் கார் சொல்லாமல் விடுவது ஏராளம். தென்னாப்பிரிக்காவில் வேலை செய்வோரையும் வேலை தேடுவோரையும் சேர்த்து எண்ணினால், ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு வேலையில்லை. இளைஞர்களிடையே நிலைமை இன்னும் மோசம். 2022-23 நிதியாண்டில் 27,000-க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன. நாளொன்றுக்கு 75 உயிர்.

தங்குமிடத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 31 அதிகாலை, ஜோகன்னஸ்பர்க்கின் ஆல்பர்ட் தெரு 80-ஆம் எண் கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. நிறவெறி ஆட்சியில் கறுப்பினத் தொழிலாளர்கள் நகருக்குள் நடமாட அனுமதிச் சீட்டுக்காக வரிசையில் நின்ற அதே கட்டடம். அட்டையாலும் பலகையாலும் தடுத்த சின்னச் சின்ன அறைகளில் வாடகைக்கு இருந்தவர்களில் 70-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பிழைக்க வந்த அயல்நாட்டவர் பலர் அதில் இருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில், டீப்ஸ்லூட் குடியிருப்பில் வீடு வீடாக அடையாள அட்டை கேட்டு வந்த கும்பல் ஜிம்பாப்வேக்காரர் ஒருவரை எரித்துக் கொன்றது. அவர் தோட்ட வேலை பார்த்தவர்.

அங்கே தங்கி வேலை செய்வதற்கான அனுமதி விஷயம் இன்னும் சிக்கல். 2009-இல் ஜிம்பாப்வேக்காரர்களுக்கென்று தொடங்கிய சிறப்பு அனுமதி, பெயர் மாறி மாறி நீண்டு வருகிறது. சுமார் 1,78,000 பேரிடம் அது இருக்கிறது. அண்ணன் பாஸ்போர்ட்டில் அது இருப்பதால் இப்போது புதிதாகப் போகும் தம்பிக்கு ஒரு பயனும் இல்லை. காகிதம் இல்லாதவர்கள் எல்லையில் ஓடும் லிம்போபோ ஆற்றில் இறங்குகிறார்கள். முதலைகள் வாழும் ஆறு. மழை மாதங்களில் வெள்ளமும் புரளும். ஆழம் தெரியாமல் காலை விடுவது அங்கே வெறும் சொலவடை அல்ல.

போட்ஸ்வானாவைப் பற்றி வீடுகளில் பேச்சே எழுவதில்லை. 'அங்கே மாடும் மணலும்தானே' என்று தள்ளிவிடுகிறார்கள். 1966-இல் விடுதலை பெற்றபோது அந்நாட்டில் தார்ச்சாலை சுமார் 12 கி.மீ.தான் இருந்தது. மறு ஆண்டு ஓராபாவில் வைரம் கிடைத்தது. அந்தப் பணத்தைச் சாலையிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் போட்டார்கள். எச்.ஐ.வி. ஊரையே தின்றுகொண்டிருந்தபோது, 2002-இல் ஆப்பிரிக்காவிலேயே முதலாவதாக அரசு செலவில் இலவச மருந்து கொடுத்தார்கள். 2019-இல் அந்த மருந்தை அங்கே வாழும் வெளிநாட்டவருக்கும் விரித்தார்கள். 58 ஆண்டு ஆண்ட கட்சி 2024-இல் தோற்றது. அமைதியாக நாற்காலியை விட்டு இறங்கியது. நாணயத்தின் பெயரே 'பூலா', அதாவது மழை. மழையின் அருமை தெரிந்தவர்களின் ஊர்.

குறைகளும் உண்டு. ஜனத்தொகை சுமார் 24 லட்சம்தான். வேலைகள் அதற்கேற்ற அளவில்தான். உள்ளூர்க்காரருக்கே முதலிடம் என்பதில் அரசு கறாராக இருக்கிறது. 2003-இல் ஜிம்பாப்வே எல்லையில் மின்வேலி போடத் தொடங்கினார்கள். கால்நடைகளின் கோமாரி நோயைத் தடுக்க என்றார்கள். அங்கும் அந்நியரை 'மக்வெரெக்வெரெ' என்று இகழ்வோர் இருக்கிறார்கள். ஆய்வகத்தில் செய்யும் வைரம் மலிந்துவிட்டதால் அரசின் வருமானமும் இறங்கியிருக்கிறது.

கணக்குத் தணிக்கை, மென்பொருள், சுரங்கப் பொறியியல் படித்து முடித்தவர், கையில் வேலை உத்தரவும் விசாவும் இருந்தால் ஜோகன்னஸ்பர்க் போகட்டும். அவருக்கு அதுதான் களம். வெல்டிங், வயரிங், போர்வெல் மோட்டார், வண்டி பழுது என்று கைத்தொழில் பக்கம் மனம் சாய்கிற பையனுக்கு பிரான்சிஸ்டவுனையே முதலில் சொல்ல வேண்டும். ஒரு தொழிலைப் பிழையில்லாமல் கற்க இரண்டு, மூன்று வருடம் ஆகும். அந்த வருடங்களில் ராத்திரி பயமில்லாமல் தூங்க முடிவது பெரிய சொத்து. டிசம்பருக்குள் கார் வாங்கும் அவசரம் இருந்தால் எந்த ஊரும் உதவாது. அம்மாக்களும் அந்த அவசரத்தை மகன் தலையில் ஏற்றக் கூடாது.

பார்த்துவர அதிகச் செலவும் இல்லை. எல்லையில் வரிசை நீளாத நாளில், விடியலில் புலவாயோவில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு பிரான்சிஸ்டவுன். அங்கே ஊருக்குள் ஓடும் வேனுக்கு 'கோம்பி' என்று பெயர். அதில் பக்கத்து இருக்கைக்காரர் கலாங்கா மொழியில் பேச்சுக் கொடுக்கலாம். பிளம்ட்ரீ பக்கத்துப் பாட்டிகள் பேசும் அதே கலாங்கா. அம்மாவும் கூடவே போய்ப் பார்த்து வரட்டும்.