பேழைக்குள் போகுமுன்

பாடப்பகுதி: ஆதியாகமம் 6, 7, 8 அதிகாரங்கள்



நோவா பேழை கட்டிய கதையைச் சிறுவயது முதல் கேட்டு வருகிறோம். பிற மதத்தைச் சேர்ந்த நமது அயலவர்களும் அதை அறிவார்கள். மழையும் மிருகங்களும் நம் நினைவில் நிற்கின்றன. ஆனால் பேழையைக் கட்டி முடித்த வேலையையும் அதில் குடிபுகச் செய்த ஆயத்தத்தையும் நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. மண்சரிவினால் லயத்தையும் தோட்டத்தையும் விட்டு வந்து, புதுக் காணியில் தம் கையாலேயே வீட்டைக் கட்டி முடிக்கும் குடும்பங்களுக்கு அந்தப் பகுதியே மிகவும் தேவையானது. இம்முறை அதைப் படிப்போம்.

1. எச்சரிக்கையோடு அளவும் வந்தது

வெள்ளம் வரும் என்று நோவாவுக்கு அறிவிக்கப்பட்டது. அத்துடன் எந்த மரம், எத்தனை முழம், எத்தனை தட்டு என்பதும் சொல்லப்பட்டது. நீளம் 300 முழம், அகலம் 50, உயரம் 30. முழத்தை ஒன்றரை அடியாகக் கொண்டால் பேழையின் நீளம் 450 அடியாகும்.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. ஆனால் எச்சரிக்கையோடு குடியேறக் காணி வரவில்லை. தப்பியவர்களில் பலர் மாக்கல்தெனியவில் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் நாட்களைக் கழித்தார்கள். 75 வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இல்தான். ஆகவே, 'எந்தக் காணி? யார் பெயரில்? எப்போது?' என்று ஒன்றுசேர்ந்து கேட்பது விசுவாசக் குறைவு அல்ல. நோவாவுக்குக் கிடைத்த தெளிவையே நாமும் கேட்கிறோம்.

2. உள்ளும் புறமும் கீல்

பேழைக்கு உள்ளேயும் வெளியேயும் கீல் பூசும்படி கட்டளை கிடைத்தது. மரம் எவ்வளவு உறுதியானாலும் பலகை இடுக்கில் தண்ணீர் புகுந்தால் படகு நிற்காது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை சென்றது. அத்தகைய மரக்கப்பல்களில் பலகை இடுக்குகளை அடைக்கும் வேலையைக் கலப்பத்து என்பார்கள். அதை முடிக்காமல் கப்பலைக் கடலில் இறக்க மாட்டார்கள்.

நாமோ சுவர் எழுப்பித் தகரம் போட்டதும் வீடு முடிந்தது என்று எண்ணுகிறோம். மலைநாட்டு வீட்டுக்குக் கீல் என்பது தண்ணீருக்கு வழி வகுப்பதுதான். தேயிலை மலையில் கான் வெட்டிப் பழகியவர்கள் நாம்.

• வீட்டுக்குப் பின்னால் மேட்டை நேர்குத்தாக வெட்ட வேண்டாம்.
• மேட்டுக்கு மேலே ஒரு கான் வெட்டி, வரும் தண்ணீரைப் பக்கமாகத் திருப்புவோம்.
• கூரைத் தண்ணீரும் குளிக்கும் தண்ணீரும் சரிவில் ஊறாமல், கல் பதித்த கான் வழியே ஓடைவரை போகட்டும்.
• மழைக்காலத்துக்கு முன் கானில் நிறைந்த மண்ணை அள்ளுவோம்.

3. ஜன்னல், கதவு, உணவு

பேழைக்கு ஜன்னலும் பக்கத்தில் கதவும் வைக்கப்பட்டன. சகலவித உணவும் முன்கூட்டியே சேர்க்கப்பட்டது. நம் வீட்டிலும் விறகடுப்பின் புகை வெளியேற வழி வேண்டும். மேட்டுப் பக்கம் மட்டும் கதவு இருந்தால் போதாது. பக்கவாட்டில் இன்னொன்றும் வேண்டும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணிப் பத்திரம், மருந்து, டோர்ச் லைட் ஆகியவற்றை நனையாத பையில் கட்டி, கதவருகே தொங்கவிடுவோம்.

4. மழையை அளப்போம், பொறுத்திருப்போம்

நேரான பக்கமுள்ள பிளாஸ்டிக் போத்தலின் மேற்பாகத்தை வெட்டி, அதையே தலைகீழாக வாயில் பொருத்துங்கள். அடியில் சிறிது தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூச்சியமாகக் குறித்துத் திறந்த வெளியில் வையுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 என்றால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 என்றாலோ, ஒரே மணி நேரத்தில் 75 என்றாலோ உடனே வெளியேற வேண்டும். நிலத்தில் வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் அளவு பார்த்துக் காத்திருக்கக் கூடாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

மழை நின்ற பின்னரும் நோவா அவசரப்படவில்லை. காகத்தையும் புறாவையும் விட்டுப் பார்த்தார். நிலத்தின் மேற்பரப்பு காய்ந்ததைக் கண்ட பிறகும் ஏறத்தாழ எட்டுக் கிழமைகள் உள்ளேயே இருந்தார். இது நமக்கு முக்கியமான பாடம். மேல்மண் காய்ந்தாலும் மலைக்குள் இறங்கிய தண்ணீர் உடனே வடிவதில்லை. வெயில் அடிக்கும் நாளிலும் மண் சரியலாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டமெங்கும் மலைகள் சரிந்ததை நாம் கண்டோம். ஆடு மாடுகளையும் பாத்திரங்களையும் எண்ணி மனம் துடித்தாலும், அதிகாரிகள் பார்த்துச் சொல்லும்வரை பழைய இடத்துக்குத் திரும்பாதிருப்போம்.

குழுவில் கலந்துரையாட

1. நமது குடியிருப்பில் அடைந்து கிடக்கும் கான் எது? அதை எந்த நாளில் சேர்ந்து சுத்தம் செய்வோம்?
2. இரவில் வெளியேற நேர்ந்தால் முதியோரையும் கர்ப்பிணித் தாய்மாரையும் யார் அழைத்துச் செல்வது?
3. காணி உறுதி இன்னும் கிடைக்காதோர் யார்? பிரதேச செயலகத்துக்கு அவர்களோடு யார் போவது?

நோவா தனியாக உள்ளே போகவில்லை. வீட்டார் அனைவரோடும் போனார். நாமும் அவ்வாறே செய்வோம்.