முதல் வரி எதிரணிக்கு

விஸ்கான்சின் மாநிலத்தின் தென்கோடியில், மில்வாக்கிக்கும் சிகாகோவுக்கும் நடுவே, மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கிறது நான் வசிக்கும் கெனோஷா. அமெரிக்க ஃபுட்பாலில், வடக்கே போனால் எல்லாரும் கிரீன் பே பேக்கர்ஸ். தெற்கே மாநில எல்லையைத் தாண்டினால் எல்லாரும் சிகாகோ பேர்ஸ். எங்கள் தெருவில் இரண்டு கொடிகளும் பறக்கும். நான் பேக்கர்ஸ். பக்கத்து வீட்டுப் பெரியவர், கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், பேர்ஸ். இந்த இரண்டு அணிகளும் 1921 முதல் மோதி வருகின்றன. அவருடைய அப்பாவுக்கும் இந்தப் பகை உண்டு, தாத்தாவுக்கும் உண்டு.

ஒவ்வோர் ஆகஸ்ட் கடைசியிலும் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு காகிதம் எடுப்போம். எங்கள் பிரிவில் நான்கு அணிகள்: பேக்கர்ஸ், பேர்ஸ், மினசோட்டா வைகிங்ஸ், டெட்ராய்ட் லயன்ஸ். ஒவ்வொன்றும் 17 ஆட்டங்களில் எத்தனை வெல்லும் என்று எழுதி, கீழே இரண்டு வரி காரணமும் எழுதி, மடித்து, மற்றவர் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட வேண்டும். ஜனவரியில்தான் பிரிப்போம். பணம் கிடையாது. தோற்றவர் வீட்டில் சாப்பாடு, அவ்வளவுதான். இத்தனை வருடமாக அந்தக் காகிதங்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். நான் கற்றுக்கொண்டதெல்லாம் அவற்றில் தப்பாக எழுதிய வரிகளிலிருந்து வந்தது.

அதிகம் கற்றுத் தந்தது 2022. அந்த வருடம் வைகிங்ஸ் 13 வென்று 4 தோற்றது. பிரிவில் முதலிடம். நவம்பரில் பஃபலோவை அதன் ஊரிலேயே கூடுதல் நேரத்தில் வீழ்த்தினார்கள். டிசம்பரில் இண்டியானாபொலிஸிடம் 33-0 என்று பின்தங்கி, பிறகு 39-36 என்று ஜெயித்தார்கள். எங்கள் லீக் வரலாற்றிலேயே அதைவிடப் பெரிய மீட்சி கிடையாது. அடுத்த ஆகஸ்டில் வைகிங்ஸுக்கு நேராக 12 என்று எழுதினேன். ஜெயிக்கத் தெரிந்த அணி, நெருக்கடியில் கை நடுங்காத அணி என்று காரணமும் எழுதினேன்.

பெரியவர் 8 என்று எழுதியிருந்தார். ஜனவரியில் பிரித்தபோது விடை 7.

எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் ஒரு பென்சிலை எடுத்து வைகிங்ஸின் நான்கு தோல்விகளை எழுதினார். பிலடெல்பியாவிடம் 24-7. டல்லஸிடம் 40-3, அதுவும் சொந்த மைதானத்தில். டெட்ராய்ட்டிடம் 34-23. எங்கள் கிரீன் பேயிடம் 41-17. நான்கையும் கூட்டினால் 89 புள்ளி வித்தியாசம். பதின்மூன்று வெற்றிகளையும் கூட்டினால் 86 தான். 13 ஆட்டம் ஜெயித்த அணி, சீசன் முழுவதும் 424 புள்ளி எடுத்து 427 புள்ளி கொடுத்திருக்கிறது. 8 புள்ளி அல்லது அதற்கும் குறைவான வித்தியாசத்தில் முடிந்த 11 ஆட்டங்களில் பதினொன்றையும் ஜெயித்திருக்கிறது. “நாணயத்தைப் பதினொரு தடவை சுண்டிப் பதினொரு தடவையும் தலை விழுந்தால், பன்னிரண்டாவது தடவைக்கு அது தலையின் மேல் பாசம் வைத்திருக்கிறது என்று அர்த்தமா?” என்றார்.

2023இல் வைகிங்ஸின் முதல் மூன்று ஆட்டங்களும் 3, 6, 4 புள்ளி வித்தியாசத்தில் முடிந்தன. மூன்றும் தோல்வி.

அதே 2022இல் லயன்ஸ் என்ன செய்தது என்று பார்த்தால் விஷயம் இன்னும் துலங்கும். முதல் ஏழு ஆட்டத்தில் ஒன்றுதான் வெற்றி. அந்த ஆறு தோல்விகளில் நான்கைப் பாருங்கள்: 38-35, 28-24, 48-45, 31-27. மயிரிழையில் தவறியவை. அடுத்த பத்தில் எட்டு ஜெயித்தார்கள். மொத்தம் 9-8. அவர்கள் கொடுத்த புள்ளியும் வைகிங்ஸ் போலவே 427. எடுத்தது 453. கடைசி ஆட்டம் கிரீன் பேயில், லேம்போ மைதானத்தில், 2023 ஜனவரி 8. அடுத்த சுற்றுக்குப் போக எங்களுக்கு ஒரு வெற்றிதான் தேவை. லயன்ஸுக்கு அந்த இரவு எந்த ஆதாயமும் இல்லை, அவர்களுடைய வாய்ப்பு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. இருந்தும் 20-16 என்று எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிரவு எனக்குக் கோபம்தான் இருந்தது. ஒன்றும் கிடைக்காத ஆட்டத்தில் இப்படி விளையாடும் அணி அடுத்த வருடம் என்ன செய்யும் என்று யோசித்திருக்க வேண்டும். 2023இல் 12-5, முப்பது வருடத்தில் முதல் பிரிவுப் பட்டம். 2024இல் 15-2.

ஆகவே வெற்றி தோல்விக் கணக்கை இப்போதெல்லாம் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் எடுத்த புள்ளி, கொடுத்த புள்ளி. பேஸ்பால் ஆய்வாளர் பில் ஜேம்ஸ் இதற்கென்று ஒரு சூத்திரம் கண்டார். ஃபுட்பாலுக்கு அதை மாற்றியவர்கள் புள்ளிகளை 2.37 என்ற அடுக்குக்கு உயர்த்துகிறார்கள். 2022க்குப் போட்டுப் பார்த்தால் வைகிங்ஸுக்கு 8 வெற்றிக்குக் கொஞ்சம் மேலே, லயன்ஸுக்கு 9 வெற்றி வரும். பட்டியலில் நான்கு வெற்றி முன்னால் நின்ற அணி உண்மையில் பின்னால் இருந்திருக்கிறது. கால்குலேட்டர் இல்லாதவர்கள் நெருக்கமாக முடிந்த ஆட்டங்களை மட்டும் எண்ணினாலும் போதும். அவற்றில் பாதிக்கு மேல் ஜெயித்த அணிக்கு அடுத்த வருடம் ஒன்றிரண்டு குறையுங்கள். பாதிக்கு மேல் தோற்ற அணிக்கு ஒன்றிரண்டு கூட்டுங்கள்.

அடுத்த பாடம் கொஞ்சம் வலித்தது. என் பழைய காகிதங்களை வரிசையாகப் பரப்பியபோது, பேக்கர்ஸுக்கு நான் எழுதிய எண் பெரும்பாலும் உண்மையைவிடக் கூடுதல், பேர்ஸுக்கு எழுதியது குறைவு. பெரியவருடையது நேர்மாறு. அதற்குப் பிறகுதான் அவர் ஒரு விதி போட்டார்: பகை அணியின் பெயரை முதல் வரியில் எழுது, அதற்கான காரணத்தையும் முதலில் எழுது, உன் அணிக்குக் கடைசியில் வா. கேட்பதற்குச் சின்ன விஷயம். செய்துபார்த்தால் தெரியும். பகை அணியைப் பற்றி இரண்டு நல்ல வரி எழுதவேண்டும் என்றால் அவர்களுடைய ஆட்டத்தை உட்கார்ந்து பார்த்தாக வேண்டும்.

அப்படிப் பார்த்தும் 2025இல் சறுக்கினேன். பேர்ஸுக்கு 7, லயன்ஸுக்கு 12 என்று எழுதினேன். லயன்ஸின் நட்சத்திரங்கள் எல்லாரும் இருக்கிறார்களே என்பது என் காரணம். போனவர்களை நான் எண்ணவில்லை. தாக்குதலை வடிவமைத்த பென் ஜான்சன் பேர்ஸின் தலைமைப் பயிற்சியாளராகப் போய்விட்டார். தடுப்பாட்டத்தை நடத்திய ஆரன் கிளென் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போனார். ஜூனில் நடுவரிசை சென்டர் ஃபிராங்க் ராக்னோ ஓய்வு அறிவித்தார். சென்டர் என்பவர் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கிடம் அதைக் கொடுப்பவர் மட்டுமில்லை. எதிரே நிற்பவர்கள் எந்தப் பக்கம் பாய்வார்கள் என்று கணித்துத் தன் வரிசைக்குக் குரல் கொடுப்பவர். அந்தக் குரல் போனது டிக்கெட் வாங்கிய யாருக்கும் உடனே தெரியாது.

பேர்ஸ் பக்கம் நடந்தது இதற்கு மறுபாதி. 2024இல் புதுமுகக் குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ் 68 தடவை பந்தோடு வீழ்த்தப்பட்டார். பையனுக்குத் திறமை போதாது என்று எங்கள் ஊர் பேக்கர்ஸ்காரர்கள் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டோம். அந்தக் குளிர்காலத்தில் பேர்ஸ் அவருக்கு முன்னால் நிற்கும் ஐவரில் நடு மூவரையும் மாற்றியது: கேன்சஸ் சிட்டியிலிருந்து ஜோ தூனி, ராம்ஸிலிருந்து ஜோனா ஜாக்சன், அட்லாண்டாவிலிருந்து சென்டர் ட்ரூ டால்மன். பெரியவர் இந்த மூன்று பெயரையும் காகிதத்தில் எழுதி அடிக்கோடிட்டிருந்தார். முடிவு: பேர்ஸ் 11-6, பிரிவுப் பட்டம். லயன்ஸ் 9-8, கடைசி இடம். இறுதிச் சுற்றுகளின் முதல் ஆட்டத்திலேயே நாங்கள் பேர்ஸைச் சந்தித்தோம். பாதி ஆட்டத்தில் 21-3 என்று முன்னால் இருந்தோம். 31-27 என்று தோற்றோம். அன்றிரவு அவர் என் வீட்டு மணியை அடிக்கவில்லை. மறுநாள் காலை என் வீட்டு வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளிவிட்டிருந்தார்.

ஆட்ட அட்டவணை பற்றி நண்பர்கள் நிறையப் பேசுவார்கள். கடைசி இடம் வந்த அணிக்கு அடுத்த வருடம் சுலபமான எதிரிகள் வருவார்கள் என்று. 17 ஆட்டங்களில் முந்தைய வருட இடத்தை வைத்து முடிவாவது 3 தான். மற்ற 14 ஒரே பிரிவின் நான்கு அணிக்கும் ஏறக்குறைய பொது. இதற்கு ஓர் அரை வெற்றிக்கு மேல் நான் மாற்றுவதில்லை.

புதுமுகங்களிடம் வருகிறேன். அங்கேதான் மனசு அதிகம் ஏமாற்றும்.

2025 ஏப்ரலில் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் கிரீன் பேயிலேயே நடந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் நாள் இரவு 23ஆவது இடத்தில் எங்கள் அணி மேத்யூ கோல்டன் பெயரைச் சொன்னபோது ஊரே எழுந்து கத்தியது. 2002க்குப் பிறகு முதல் சுற்றில் பந்து பிடிக்கும் ஆட்டக்காரரை நாங்கள் எடுத்தது அன்றுதான். 40 கெஜத்தை 4.29 வினாடியில் ஓடியவர். மகள் அவர் பெயர் போட்ட சட்டை கேட்டாள். நான் ஆகஸ்டில் அவருக்கு 8 டச் டவுன் எழுதினேன். வழக்கமான சீசனில் ஒன்றுகூட வரவில்லை. காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்களே, அதுதான். அவரிடம் குறை இல்லை. எங்கள் அணியில் ஒரே பந்துக்காகப் பலர் வரிசையில் நிற்கிறார்கள். புதுமுகத்தின் வேகத்தைப் பார்க்குமுன் அவருக்கு முன்னால் வரிசையில் எத்தனை பேர் என்று பார்க்கவேண்டும்.

அதே டிராஃப்டில் பேர்ஸ் 10ஆவதாக எடுத்தது டைட் எண்ட் இடத்துக்கு கோல்ஸ்டன் லவ்லண்ட். அந்த இடத்துக்கு இரட்டை வேலை: தடுக்கவும் வேண்டும், ஓடிப் பிடிக்கவும் வேண்டும். பழகக் காலம் ஆகும். செப்டம்பரில் அவர் பெயரே கேட்கவில்லை. நான் மனசுக்குள் அவர் பெயரை அடித்துவிட்டேன். நவம்பர் 2 அன்று சின்சினாட்டியில் ஆட்டம் முடிய 17 வினாடி இருக்கையில் 58 கெஜ டச் டவுன் அடித்து வெற்றியைப் பறித்தார். எங்களைத் தோற்கடித்த ஜனவரி ஆட்டத்திலும் அவரைத்தான் எங்களால் பிடிக்க முடியவில்லை. அதனால் இந்த இடத்துப் பையன்களை செப்டம்பரை வைத்து எடைபோடுவதை விட்டுவிட்டேன்.

டிராஃப்ட் முடிந்த மறுநாளே மதிப்பெண் போடுகிறவர்களையும் நம்புவதில்லை. 2023இல் லயன்ஸ் 12ஆவது இடத்தில் ஜமீர் கிப்ஸையும் 18ஆவதில் ஜாக் கேம்பெலையும் எடுத்தபோது பலரும் வீண்செலவு என்றார்கள். ஓடுபவரையும் லைன்பேக்கரையும் இவ்வளவு முன்னாலேயே எடுப்பதா என்று. அதே டிராஃப்டின் இரண்டாம் சுற்றில் சாம் லபோர்ட்டாவும் பிரையன் பிரான்ச்சும் வந்தார்கள். 12-5 வந்த அணியின் முதுகெலும்பில் பாதி அந்த நால்வர்தான். ஐந்தாவது சுற்றில் 177ஆவதாகப் போன புக்கா நகுவா அதே வருடம் 1,486 கெஜம் எடுத்துப் புதுமுகச் சாதனையை மாற்றினார்.

குவார்ட்டர்பேக் புதுமுகம் என்றால் நான் எண்ணைப் பென்சிலால்தான் எழுதுகிறேன். 2023இல் முதலில் எடுக்கப்பட்ட பிரைஸ் யங்கின் கேரலைனா 2-15. இரண்டாவதாக எடுக்கப்பட்ட சி.ஜே. ஸ்ட்ரௌடின் ஹூஸ்டன் 3-13-1 என்ற இடத்திலிருந்து 10-7. ஹூஸ்டனிடம் அவரைத் தாங்கும் பயிற்சியாளரும் ஆட்ட முறையும் இருந்தன. பேய்ட்டன் மானிங் 1998இல் முதல் வருடம் 28 தடவை பந்தை எதிரியிடம் எறிந்தார், இண்டியானாபொலிஸ் 3-13. அடுத்த வருடம் 13-3. எங்கள் ஜோர்டன் லவ் மூன்று வருடம் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு 2023இல் இறங்கினார். முதல் வருடத்தை வைத்து ஒரு பையனைக் கழித்துவிட வேண்டாம். ஆனால் முதல் வருட எண்ணை எழுதும்போது, அவர் முன்னால் நிற்கும் ஐவரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் எழுதாதீர்கள்.

ஆகஸ்ட் பயிற்சி ஆட்டங்களைப் பார்த்து எண்ணை மாற்றவே கூடாது. 2008இல் லயன்ஸ் நான்கு பயிற்சி ஆட்டத்தையும் ஜெயித்தது. பிறகு சீசனில் 0-16. 2017இல் கிளீவ்லண்டுக்கும் அப்படியே, நான்குக்கு நான்கு, பிறகு 0-16. அந்த ஆட்டங்களில் முக்கியமானவர்கள் பாதி நேரம் தொப்பி போட்டுக்கொண்டு ஓரத்தில் நிற்பார்கள்.

காயத்தை யாரும் கணிக்க முடியாது. 2023 அக்டோபரில் கிரீன் பேயில் வைகிங்ஸின் கர்க் கசின்ஸ் குதிகால் தசைநார் அறுந்து விழுந்தபோது, பகை அணி என்றாலும், என்னைச் சுற்றி யாரும் கைதட்டவில்லை.

இந்த ஆகஸ்டுக்கான காகிதம் மேசையில் இருக்கிறது. முதல் வரி பேர்ஸ். 2025இல் எதிரணிகளிடமிருந்து பந்தைப் பறித்ததில் அவர்கள்தான் லீகிலேயே முதலிடம். அப்படிப் பறிப்பது வருடா வருடம் நிலைப்பதில்லை. கடைசி நிமிடங்களில் பின்னாலிருந்து வந்து ஜெயித்த ஆட்டங்களும் பல. 2022 வைகிங்ஸின் ஞாபகம் வருகிறது. ஆனால் அந்தப் பயிற்சியாளரின் திறமை உண்மையானது. லவ்லண்டுக்கு இது இரண்டாவது வருடம். 7 என்று எழுதி அழித்தேன். 9 என்று எழுதி, ஏன் என்று இரண்டு வரி எழுதி, நான்காக மடித்துப் பெரியவர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவர் காகிதம் ஏற்கெனவே தயாராக இருந்தது. முதல் வரியில் பேக்கர்ஸ் இருக்கும்.