பூசணம் பிடித்த புண்ணாக்கும் குளத்து மீனும்



நம் கம்பம் பள்ளத்தாக்கில் ஆடிச் சாரலும் ஐப்பசி மழையும் கிடங்குக்குள் ஈரத்தைக் கொண்டுவந்து விடும். சில ஆண்டுகளுக்கு முன் என் கிடங்கில் கூரை ஒழுகி, பத்து மூட்டை கடலைப் புண்ணாக்கு நனைந்துவிட்டது. வெயிலில் உலர்த்தி, பச்சையாகப் பூத்திருந்ததைத் தட்டிவிட்டு, பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு வளர்க்கும் ஒருவருக்கு விலை குறைத்துக் கொடுத்தேன். தவிட்டோடு சரிபாதி கலந்து போட்டிருக்கிறார். இரண்டு மாதம் கழித்து வந்து, "அண்ணாச்சி, மீன் தீனியே எடுக்க மாட்டேங்குது, எடையும் ஏறலை" என்றார். தண்ணீர் சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தண்ணீராகவும் இருக்கலாம். ஆனால் விவரம் அறிந்த பிறகு எனக்கு வெட்கமாகிவிட்டது.

அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூசணம் உண்டாக்கும் நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர். பூசணத்தைத் தட்டினாலும் உலர்த்தினாலும் நஞ்சு சரக்கிலேயே தங்கிவிடும். வேகவைத்தாலும் முழுதும் அழியாது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. காரணம் புரியாமல் 'எக்ஸ் நோய்' என்றார்கள். கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது. அதே காலத்தில் அமெரிக்காவில் பண்ணைகளில் வளர்த்த டிரௌட் மீன்களுக்கு ஈரலில் புற்றுக்கட்டி வந்தது. அங்கே குற்றவாளி பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு.

நம் கெண்டை வகை மீன்கள் டிரௌட் போல அவ்வளவு சீக்கிரம் விழுவதில்லை. ஈரல் கெட்டு, வளர்ச்சி குன்றி, நோயைத் தாங்கும் சக்தி குறைந்துவிடும். பிறகு ஏதாவது கிருமி வந்து மீன் மிதக்கும்போது பழி கிருமி மேல்தான் விழும். தீவனக் கடையை யாரும் நினைப்பதில்லை.

இதே புண்ணாக்குதான் மாட்டுக்கும் போகிறது. 2018-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்ததில், 368-இல் இந்த நஞ்சின் ஒரு வகை வரம்புக்கு மேல் இருந்தது. அதில் 88 தமிழ்நாட்டு மாதிரிகள். மாநிலங்களில் நமக்குத்தான் முதலிடம்!

மூட்டையைத் தரையில் போடாமல் கட்டை அடுக்கி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அட்டி போடுங்கள். பழைய சரக்கை முதலில் தள்ளுங்கள். கொள்முதலின்போது மூட்டைக்குள் கைவிட்டுப் பாருங்கள், சூடும் மக்கு வாடையும் இருந்தால் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத நஞ்சும் உண்டு. பெரிய லாட்டாக இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி அனுப்பலாம். நனைந்த மூட்டையை நல்லதோடு கலப்பது மட்டும் கூடவே கூடாது. நான் இப்போது அதை எருக்குழிக்கு அனுப்பிவிடுகிறேன், நட்டம்தான்.