சோலார் வீடு: பேட்டரியைச் சாகடித்த பிறகு கற்றது

எங்க வீடு தோட்டத்துக்குள்ள இருக்கு. லைன் இழுக்கணும்னா வரிசையா கம்பம் நடணும், அந்தச் செலவை நாங்கதான் ஏத்துக்கணும். அதனால ஆறு வருடத்துக்கு முன்னாடி சோலாருக்கு வந்தோம். 300 வாட் பேனல் இரண்டு, 150 ஆம்பியர் பேட்டரி இரண்டு, ஒரு இன்வெர்ட்டர். மாட்டிக்கொடுத்தவர், "போட்டாச்சு, இனி மறந்துடலாம்யா" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்களும் மறந்தோம். இரண்டரை வருடத்தில் இரண்டு பேட்டரியும் போச்சு. கடலை விற்ற காசு அப்படியே புதுப் பேட்டரிக்குப் போனது. பாதித் தப்பு அவருடையது, பாதி என்னுடையது. அதில் என் பங்கை மட்டும் இங்கே எழுதுகிறேன், நீங்க அதைச் செய்யாம இருக்க.

கிணத்தை நினைச்சுக்குங்க. பேனல் என்பது ஊற்று, பேட்டரி என்பது கிணறு. ஊறுகிற அளவுக்கு மேல தினமும் இறைச்சா என்ன ஆகும்? அதேதான் இங்கேயும். 600 வாட் பேனல் நம்ம ஊர் வெயிலில், வானம் தெளிவா இருந்தா, ஒரு நாளைக்கு சுமார் 2.4 யூனிட் தரும். பேட்டரி இரண்டும் சேர்ந்து 3.6 யூனிட் பிடிக்கும். ஆனா அதில் பாதியை, அதாவது 1.8 யூனிட்டைத்தான் எடுக்கணும். ஈய பேட்டரியை அடிக்கடி அடிவரைக்கும் வழிச்சு எடுத்தா ஆயுசு குறைஞ்சிடும்.

அப்ப நாங்க செலவு பண்ணினது என்ன? பழைய மின்விசிறி 75 வாட். இரண்டு விசிறி இரவு பத்து மணி நேரம் ஓடினா அதுவே 1.5 யூனிட். ஐந்து எல்இடி விளக்கு, டிவி எல்லாம் சேர்ந்து 0.4. இன்னொன்றை நான் கணக்கிலேயே எடுக்கல. எங்க இன்வெர்ட்டர் சும்மா நின்னாலே 20 வாட் தின்னும், இரவு முழுக்க கால் யூனிட். கூட்டிப் பாருங்க, இரவுக்கு மட்டும் 2.1 யூனிட்டுக்கு மேல. பேட்டரியில் ஏற்றி இறக்கும்போது ஒரு பங்கு வீணாப் போவது தனி. பேட்டரி ஒருநாளும் முழுசா நிறையவே இல்லை. அரைகுறை சார்ஜில் மாசக்கணக்கா கிடந்தா உள்ளே தகட்டில் சல்பேட் படிஞ்சு இறுகிடும். அதுக்கு அப்புறம் எவ்வளவு வெயில் அடிச்சாலும் ஏறாது.

இதோட இன்னொரு தப்பும் செஞ்சேன். தண்ணி குறைஞ்சு தகடு வெளியே தெரிஞ்சப்போ போர் தண்ணியை ஊத்தினேன். எங்க போர் தண்ணி சுட வச்சா பாத்திரத்தில் வெள்ளை படியும். அதே உப்புதான் பேட்டரிக்குள்ளேயும் போச்சு. டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் ஊத்தணும். பேட்டரி முழுசா ஏறின பிறகு ஊத்தணும், குறி வரைக்கும்தான். ஆசிட் எப்பவும் சேர்க்கவே கூடாது, ஆவியாப் போறது தண்ணிதான். திறக்கும்போது கண்ணாடியும் கையுறையும் போட்டுக்குங்க. பக்கத்தில் பீடி, விளக்கு எதுவும் வேண்டாம், ஏன்னா சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். எங்க பேட்டரி இப்ப மாட்டுக் கொட்டகைத் திண்ணையில், காத்தோட்டமா இருக்கு.

புது பேட்டரி வந்ததும் முதல் வேலையா விசிறியை மாத்தினோம். பிஎல்டிசி விசிறி 30 வாட்தான். அதே பத்து மணி நேரத்துக்கு இரண்டும் சேர்ந்து 0.6 யூனிட். இரவுச் செலவு 1.25க்கு இறங்கியது. பேனல் கூட்டலை, பேட்டரி கூட்டலை, விசிறிதான் மாறியது. பணம் இருக்குன்னு முதலில் பேனல் வாங்க ஓடாதீங்க.

இரண்டாவது, நேரம். மாவு ஆட்டுவது, மிக்ஸி எல்லாம் காலை 11க்கும் பகல் 2க்கும் இடையில். வெயில் நேரா இன்வெர்ட்டருக்குப் போகும், பேட்டரியைத் தொடாது. "சாயந்தரம் ஆட்டினாத்தானே காலைக்கு மாவு சரியாப் புளிக்கும்" என்று வீட்டுக்காரம்மா ஒரு மாசம் சண்டை பிடிச்சாங்க. இப்ப வெயில் காலத்தில் மாவை மண்பானையில் ஈரத்துணி சுத்தி வைக்கிறாங்க, பொங்கி வழியறதில்லை. அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் இரண்டும் இந்த வீட்டுக்குள்ள வராது.

பேனலுக்கு வருவோம். தெற்கு பார்த்து, லேசான சாய்வு. தூசியை வாரம் ஒருமுறை விடியற்காலையில் துணியால் கழுவணும். உச்சிவெயிலில் சூடேறிய கண்ணாடி மேல குளிர்ந்த தண்ணி ஊத்தினா விரிசல் விடலாம். நிழல்தான் பெரிய எதிரி. பேனலுக்குள் செல்கள் வரிசையாக் கோத்திருக்கும், அதனால கையகல நிழல் விழுந்தாலும் ஒரு பகுதி முழுக்கப் படுத்துடும். எங்க முருங்கை மூணு மணிக்கு நிழல் தட்டியது. மரத்தை வெட்ட மனசில்லை. வருடம் இருமுறை கவாத்து பண்றோம், கீரையும் ஆச்சு.

சித்திரை வெயிலில் நிறைய வரும்னு நினைச்சேன். இல்லை. பேனல் சூடேற ஏற உற்பத்தி குறையும். தை, மாசியில் வானமும் தெளிவு, காத்தும் குளிர்ச்சி, அப்பதான் நல்லாக் கொடுக்குது. கஷ்டம் ஐப்பசி, கார்த்திகையில். மூணு நாள் மூடாப்பு போட்டா டிவியை நிறுத்திடுவோம். விசிறி அப்ப தேவைப்படாது. விளக்கு மட்டும் எரியும்.

லைன் உள்ள வீட்டுக்காரங்க பேட்டரி இல்லாத கிரிட் சோலார் போடலாம். 2024இல் வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2க்கு 60,000, 3ம் அதுக்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். ஆனா ஒன்று தெரிஞ்சுக்குங்க: கரண்ட் போனா அந்த சோலாரும் நின்னுடும். லைனில் வேலை செய்யறவர் உயிரைக் காக்கத்தான் அப்படி வச்சிருக்காங்க. வெயில் அடிக்குது, விசிறி சுத்தலையேன்னு திட்டாதீங்க.

பேட்டரி பக்கத்தில் ஒரு நோட்டும் ஹைட்ரோமீட்டரும் தொங்குது. மாசம் ஒருநாள், பேட்டரி முழுசா ஏறின பிறகு, அறைக்கு அறை அளந்து மகள் எழுதுவாள். 1240 பக்கம் இருந்தா நிறைவு. ஓர் அறை மட்டும் இறங்கினா அந்த அறையில் ஏதோ கோளாறு. போன மாசம் பன்னிரண்டு அறையும் 1230க்கு மேல. இந்தப் பேட்டரிக்கு இப்ப மூணரை வருடம்.